தோற்ற மாணவரைக் கைவிடாத குரு



பரீட்சைப் பெறுபேறுகள் வெளியாகும் நாட்களில் நம் ஊர்களில் உறவினரும் அயலவரும் வந்து வாழ்த்திச் செல்லும் வீடுகள் உண்டு. வாசற்கதவு சாத்தப்பட்டே இருக்கும் வீடுகளும் உண்டு. சித்தியடைந்த பிள்ளையின் படம் பத்திரிகையில் வருகின்றது. சித்தியடையாத பிள்ளை யார் முகத்திலும் விழிக்க விரும்பாமல் அறைக்குள் இருக்கின்றது. அந்தப் பிள்ளையின் அருகில் சென்று அமர்பவர் யார்? அமர்ந்தபின் அவர் செய்ய வேண்டியது என்ன? இக்கேள்விக்கு விடை தேடுவோருக்கு உதவக்கூடிய வரலாறு ஒன்று நம் திருச்சபையில் உண்டு. உலகிலுள்ள பங்குத்தந்தையர் அனைவரினதும் பாதுகாவலராக நாம் வணங்கும் புனித ஜோன் மரிய வியான்னியின் மாணவப் பருவமே அது.

ஆர்ஸ் நகரின் பங்குத்தந்தை என்று அவரை நீங்கள் அறிவீர்கள். பாவசங்கீர்த்தனத் தொட்டியில் நாளெல்லாம் அமர்ந்திருந்தவர் என்றும், அலகையின் தொல்லைகளைப் பொறுத்துக்கொண்டவர் என்றும் மறையுரைகளில் கேட்டிருப்பீர்கள். ஆனால் அவர் குருமடத்திலிருந்து வெளியே அனுப்பப்பட்ட மாணவர் என்பதும், அவரைக் குருவாக்குவதற்கு வேறொரு குரு பல ஆண்டுகளாகப் பாடுபட்டார் என்பதும் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. அந்த ஆசானின் பெயர் சார்ள்ஸ் பால்லே. இன்று இவ்விருவரையும் சேர்த்தே உங்கள் முன் வைக்க விரும்புகின்றேன்.

புரட்சிக் காலத்துச் சிறுவன்

ஜோன் மரிய வியான்னி 1786ஆம் ஆண்டு மே மாதம் 8ஆம் திகதி, பிரான்ஸ் நாட்டின் லியோன் மாநகருக்கு அருகிலுள்ள தார்டிலி என்ற கிராமத்தில், மத்தேயு வியான்னி, மரிய பெலுஸ் தம்பதியரின் ஆறு பிள்ளைகளுள் ஒருவராகப் பிறந்தார். பக்தியுள்ள கமக்காரக் குடும்பம் அது. வழிப்போக்கரான ஏழைகளுக்கு உணவும் தங்குமிடமும் கொடுக்கும் வழக்கம் அவ்வீட்டில் இருந்தது.

அவருக்கு மூன்று வயதாக இருந்தபோது, 1789இல், பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஆலயங்கள் மூடப்பட்டன. அரசு கேட்ட சத்தியப்பிரமாணத்தைச் செய்ய மறுத்த குருக்கள் வேட்டையாடப்பட்டனர், பலர் உயிரிழந்தனர். எஞ்சியோர் மாறுவேடத்தில் பண்ணை வீடுகளிலும் களஞ்சியங்களிலும் இரவு வேளைகளில் திருப்பலி ஒப்புக்கொடுத்தனர். சிறுவன் வியான்னி தன் முதல் பாவசங்கீர்த்தனத்தை வீட்டிலேயே செய்தான். 1799இல், தன் பதின்மூன்றாவது வயதில், எக்கியூலி என்னும் அயலூரில் ஒரு வீட்டு அறைக்குள் முதல் நன்மை வாங்கினான். உள்ளே மெழுகுதிரி எரிவது வெளியே தெரியாதிருக்க, சாளரங்களுக்கு முன்னால் வைக்கோல் வண்டிகள் நிறுத்தப்பட்டிருந்தன.

இத்தகைய காலத்தில் முறையான கல்வி எவ்வாறு கிடைக்கும்? ஊரில் ஒரு சிறு பாடசாலை திறக்கப்பட்டபோது ஓரளவு வாசிக்கவும் எழுதவும் கற்றார். மற்றப்படி ஆடு மாடு மேய்த்தலும் வயல் வேலையுமே அவரது இளமைக்காலம். அன்பர்களே, இதை மனதிற் கொள்ளுங்கள். பின்னாளில் அவர் படிப்பில் பின்தங்கியதற்கு அவரது சோம்பல் காரணமன்று. படிக்க வேண்டிய வயதில் அவரது நாடே தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. இடம்பெயர்ந்த ஆண்டுகளில் மரநிழலிலும் கொட்டகையிலும் எழுத்துக் கற்ற நம்மவர்களுக்கு இதனை விளக்கத் தேவையில்லை.

இருபது வயதில் தொடங்கிய பாடம்

குருவாக வேண்டும் என்ற ஆவல் அவருள் இளமையிலேயே எழுந்தது. தாய் மகிழ்ந்தார், தந்தையோ வயலுக்கு ஆள் வேண்டும் என்பதாலும் குடும்பச் செலவுகளாலும் நெடுநாள் இணங்கவில்லை. இறுதியில் அவர் இணங்கியபோது மகனுக்கு ஏறக்குறைய இருபது வயதாகியிருந்தது.

அந்நாட்களில் எக்கியூலியின் பங்குத்தந்தையாக இருந்தவர்தான் அருட்தந்தை சார்ள்ஸ் பால்லே. புரட்சிக்கு முன் ஒரு துறவற சபையில் கற்றுத் தேர்ந்தவர். புரட்சியின்போது உயிரைப் பணயம் வைத்து மறைவில் பணி புரிந்தவர். 1803இல் எக்கியூலியைப் பொறுப்பேற்ற அவர், குருக்கள் அருகிப்போன நாட்டில் புதிய குருக்கள் உருவாக வேண்டும் என்று கருதித் தம் பங்கு இல்லத்திலேயே சில மாணவரைச் சேர்த்துப் பாடம் சொல்லிவந்தார்.

வியான்னியின் உறவினர் வந்து கேட்டபோது அருட்தந்தை பால்லே முதலில் மறுத்துவிட்டார். பங்கு வேலையும் ஏற்கெனவே இருந்த மாணவருமே அவருக்குப் போதுமான சுமையாக இருந்தன. ஒருமுறை பையனைப் பார்த்தாவது முடிவு சொல்லுமாறு அவர்கள் வேண்டினர். பார்த்தார், பேசினார், மனம் மாறினார். விசுவாசத்தைப் பற்றி அந்த இளைஞர் கொண்டிருந்த தெளிவும் அவரது உள்ளத்தின் நேர்மையும் இவ்வாசானின் கண்ணிற் பட்டன. எழுத்தறிவு எவ்வளவு என்று அளப்பதற்கு முன்பாக ஆளைப் பார்த்தார் அவர். பின்னால் நடந்தவை எல்லாம் இந்த ஒரு சந்திப்பிலிருந்தே தொடங்கின.

வகுப்பில் மற்றவர்கள் சிறுவர்கள். வியான்னியோ இருபது வயது இளைஞர். மண்வெட்டி பிடித்துப் பழகிய கைக்கு இறகுப் பேனா அடங்கவில்லை. இலத்தீன் இலக்கணம் அவருக்குப் பெரும் மலையாக நின்றது. தாய்மொழியின் இலக்கணமே சரிவரத் தெரியாதவருக்கு அந்நிய மொழியின் இலக்கணம் எப்படி ஏறும்? மாலையில் மனனம் செய்தது காலையில் மறந்துபோனது. வகுப்புத் தோழரான மத்தியாஸ் லோராஸ் என்னும் சிறுவன், அவரைவிட ஆறு வயது இளையவன், அவருக்குப் பாடம் விளக்க முயன்று முயன்று பொறுமை இழந்து, ஒருநாள் எல்லோர் முன்னிலையிலும் அவரைக் கைநீட்டி அடித்துவிட்டான். அடிபட்ட வியான்னி அச்சிறுவன் முன் முழந்தாட்படியிட்டு மன்னிப்புக் கேட்டார். சிறுவன் அழுதபடி அவரைக் கட்டிக்கொண்டான். அன்று பிறந்த நட்பு இறுதிவரை நிலைத்தது. அந்த லோராஸ் பின்னர் அமெரிக்காவின் டுபியூக் மறைமாவட்டத்தின் முதல் ஆயரானார்.

இருந்தும் மனச்சோர்வு வியான்னியை விடவில்லை. வீட்டுக்குத் திரும்பிப்போய் வயலையே பார்க்கிறேன் என்ற எண்ணம் அவரைப் பிடித்துக்கொண்டது. அருட்தந்தை பால்லே அதைக் கண்டுகொண்டார். சோம்பேறி என்று கடிந்துகொள்ளவில்லை. இது ஒன்றும் பெரிய காரியமில்லை என்று பொய்யான ஆறுதலும் சொல்லவில்லை. எதற்காக இப்பாதையைத் தொடங்கினார் என்பதை அவருக்கு நினைவூட்டினார். இப்போது விட்டுவிட்டால் தான் தேட விரும்பிய ஆன்மாக்களையும் விட்டுவிட நேரும் என்பதை உணர்த்தினார்.

அதன்பின் வியான்னி ஒரு நேர்ச்சை செய்தார். 1806ஆம் ஆண்டு, சுமார் நூறு கிலோமீற்றர் தூரத்திலுள்ள லா லூவெஸ்க் என்னும் மலையூரில் இருக்கும் புனித பிரான்சிஸ் ரெஜிஸின் கல்லறைக்கு, வழிநெடுகப் பிச்சை கேட்டபடி கால்நடையாகச் சென்றார். கேட்டது பெரிய அறிவு அன்று. குருவாவதற்குத் தேவையான அளவு இலத்தீன் மட்டுமே. திரும்பி வந்தபின் அவர் திடீரென மேதையாகிவிடவில்லை. பாடங்கள் கடினமாகவே இருந்தன. ஆனால் நம்பிக்கையிழந்து போகாத அளவுக்கு முன்னேற்றம் தெரிந்தது. ஆசானும் மாணவரும் அந்தச் சிறு முன்னேற்றத்தைப் பிடித்துக்கொண்டே தொடர்ந்தனர்.

இடையில் வந்த புயல்

1809இல் வேறொரு சோதனை வந்தது. குருமாணவருக்கு இராணுவ சேவையிலிருந்து விலக்கு இருந்தபோதும், அந்தப் பட்டியலில் வியான்னியின் பெயர் சேர்க்கப்படாதிருந்ததால் நெப்போலியனின் படைக்கு அவர் அழைக்கப்பட்டார். நோயுற்று முதலில் லியோன் மருத்துவமனையிலும் பின் ரொவான் மருத்துவமனையிலும் கிடந்தார். படைப்பிரிவு அவரை விட்டுவிட்டுப் புறப்பட்டுவிட்டது. அதன் பின்னாற் செல்ல முயன்றவர், வழியில் சந்தித்த ஒருவரின் பேச்சை நம்பிப் பின்தொடர்ந்து, மலைப்பகுதியிலுள்ள லே நோயே என்ற ஊரை அடைந்தார். இப்போது அவர் சட்டத்தின் முன் படையை விட்டு ஓடியவர். வேற்றுப் பெயருடன் சுமார் ஓராண்டு அங்கே மறைந்து வாழ்ந்தார். பகலில் பண்ணை வேலை செய்தார். ஊர்ப் பிள்ளைகளுக்கு எழுத்தும் மறைக்கல்வியும் சொல்லிக்கொடுத்தார். படிப்பில் பின்தங்கியவர் என்று பெயரெடுத்த அவர் முதன்முதலில் ஆசிரியரானது இந்த ஒளிவிடத்தில்தான்.

1810இல் பொதுமன்னிப்பு வந்தது. தம்பி அவருக்குப் பதிலாகப் படைக்குச் சென்றார். 1811இன் தொடக்கத்தில் வியான்னி வீடு திரும்பினார். சில வாரங்களுள் தாயும் இறந்துபோனார். இருபத்துநான்கு வயது, தாயில்லை, கற்ற கொஞ்ச இலத்தீனும் மறந்துபோன நிலை. அருட்தந்தை பால்லே அவரைத் திரும்பவும் ஏற்றுக்கொண்டார். இம்முறை தம் பங்கு இல்லத்திலேயே தங்கவைத்தார். பாட நேரம் முடிந்ததும் விலகிப்போகும் ஆசிரியராக அவர் இருக்கவில்லை. ஒரே மேசையில் உணவு, ஒரே சிற்றாலயத்தில் செபம், இடையிடையே பாடம் என்று மாணவரின் வாழ்க்கையோடு தம் வாழ்க்கையைச் சேர்த்துக்கொண்டார்.

குருமடத்தின் வாசலில்

1812இல் வியான்னி வெரியேர் சிறிய குருமடத்துக்கு மெய்யியல் கற்க அனுப்பப்பட்டார். தோழர்களுட் சிலர் அவரைப் பார்த்து நகைத்தனர். அதே குருமடத்தில் அப்போது கற்றுக்கொண்டிருந்த இன்னொருவரும் முன்பு படிப்பிற் பின்தங்கி வீட்டுக்கு அனுப்பப்பட்டு, மீண்டும் வந்தவரே. அவர் பெயர் மார்சலின் ஷம்பஞா. நீர்கொழும்பு மரிஸ் ஸ்டெல்லாக் கல்லூரியை அறிந்தவர்களுக்கு மரிஸ்ட் சகோதரர்களைத் தெரிந்திருக்கும். அச்சபையைத் தோற்றுவித்த புனிதர் இவரே. பின்தங்கிய மாணவர் என்று ஒதுக்கப்பட்ட ஒருவர், உலகெங்கும் பாடசாலைகள் நடத்தும் ஒரு சபைக்குத் தந்தையானார்.

1813இன் இலையுதிர்காலத்தில் வியான்னி லியோன் புனித இரேனேயு பெரிய குருமடத்தில் சேர்ந்தார். அங்கே விரிவுரைகளும் கேள்விகளும் விடைகளும் யாவும் இலத்தீனில். அவர் வாய்மூடி நின்றார். சில மாதங்களில், இவரால் இயலாது என்று தீர்மானித்து அதிபர்கள் அவரை வெளியே அனுப்பினர். நடத்தையில் குறையேதும் இல்லை. படிப்புத்தான் போதாது என்றார்கள். அன்பர்களே, அவர்களைக் கொடியவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். விதிமுறைப்படி நேர்மையாகத் தீர்ப்புச் சொன்னவர்கள் அவர்கள். பரீட்சை அளந்ததை அவர்கள் சரியாகவே படித்தார்கள். ஆனால் அந்தப் பரீட்சை அளக்காத ஒன்று அம்மாணவரிடம் இருந்தது. அதை அறிந்தவர் எக்கியூலியில் இருந்தார்.

குருமடத்திலிருந்து வெளியேறிய வியான்னி நேரே வீட்டுக்குப் போகவில்லை. லியோன் நகரில் டி லா சால் சகோதரர்களின் நவசந்நியாச இல்லத்தில் பழைய தோழர் ஒருவர் இருந்தார். இலத்தீன் தெரியாதவன் குருவாக முடியாது. சகோதரராகவாவது இருந்துவிடுகிறேன் என்று அவரிடம் தம் விருப்பத்தைச் சொல்லிவிட்டு எக்கியூலிக்குத் திரும்பினார். சகோதரர்களின் வாழ்வு உயர்ந்த வாழ்வு என்பதில் அருட்தந்தை பால்லேக்கு ஐயமில்லை. ஆனால் தம் மாணவர் அதை நாடுவது அழைப்பினால் அன்று, தோல்வியின் வலியினால் என்பதைக் கண்டுகொண்டார். அந்த எண்ணத்தைக் கைவிட்டதாக உடனே கடிதம் எழுதச் செய்தார். மறுபடியும் புத்தகங்களைத் திறந்தார்.

இம்முறை ஆசான் தம் முறையை மாற்றினார். இறையியலின் அதே உண்மைகளை, அதே ஒழுக்கநெறிக் கேள்விகளை, இலத்தீனில் மட்டுமன்றிப் பிரெஞ்சு மொழியிலும் விளக்கினார். இறைவனைப் பற்றியும் அருட்சாதனங்களைப் பற்றியும் அவர் அறிய வேண்டியதில் எதையும் குறைக்கவில்லை; அறிவதற்கான வழியை மட்டும் மாற்றினார். அப்போதுதான் உண்மை தெளிவாயிற்று. வியான்னிக்கு விளங்காதிருந்தது இறையியல் அன்று. இறையியல் அணிந்திருந்த மொழி. தாய்மொழியில் கேட்டால் நிதானமான, சரியான விடைகள் அவரிடமிருந்து வந்தன.

சில மாதங்களின் பின், 1814இல், மறைமாவட்டப் பரீட்சகர் குழுவின் முன் அவர் மீண்டும் நின்றார். கற்றறிந்தோர் வரிசையாக அமர்ந்திருந்ததைக் கண்டதும் அச்சம் அவரைப் பற்றிக்கொண்டது. கேள்விகள் இலத்தீனில் வந்தன. அவர் தடுமாறினார், படித்ததெல்லாம் நினைவிலிருந்து அகன்றது. இரண்டாவது தோல்வி. வேறு ஏதாவது மறைமாவட்டம் ஏற்றுக்கொள்ளுமானால் அங்கே போகலாம் என்ற அளவில் விடயம் முடிந்துபோனது.

இவ்விடத்தில் பெரும்பாலான ஆசிரியர்கள் நிறுத்தியிருப்பார்கள். அதை யாரும் குறைசொல்லியும் இருக்க மாட்டார்கள். அருட்தந்தை பால்லேயோ தாமதியாமல் லியோனுக்குப் புறப்பட்டார். பரீட்சைக்குப் பொறுப்பாயிருந்த குருமுதல்வர் போஷாரை நேரிற் கண்டு, இம்மாணவரை அவர் பழகிய இடத்தில், அவருக்கு விளங்கும் மொழியில், அமைதியாக ஒருமுறை கேட்டுப்பார்க்க வேண்டும் என்று மன்றாடினார். சலுகையாக வெற்றியைத் தருமாறு அவர் கேட்கவில்லை. உண்மையாக அளக்குமாறே கேட்டார். குருமுதல்வர் இணங்கி, குருமட அதிபரையும் அழைத்துக்கொண்டு எக்கியூலிப் பங்கு இல்லத்துக்கு வந்தார். ஆசான் பக்கத்தில் இருக்க, அச்சமின்றிப் பேசிய வியான்னியின் விடைகள் அவர்களுக்குத் திருப்தியளித்தன.

இறுதி முடிவு இன்னொரு குருமுதல்வரான கூர்போனிடம் சென்றது. நெப்போலியனின் வீழ்ச்சியினால் பேராயர் கர்தினால் பெஷ் நாட்டில் இல்லாத காலம் அது. இவ்விளைஞர் பக்தியுள்ளவரா, செபமாலை சொல்பவரா, அன்னை மரியாவை நேசிப்பவரா என்று கூர்போன் விசாரித்தார். ஆம் என்ற விடை கிடைத்ததும் ஏற்றுக்கொண்டார். குறைவாக இருப்பதை இறையருள் நிறைவுசெய்யும் என்பது அவர் நம்பிக்கை.

தனியே நடந்த திருநாள்

1815ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 13ஆம் திகதி, கிரெனோபிள் நகரில், இருபத்தொன்பது வயதில் ஜோன் மரிய வியான்னி குருவாகத் திருநிலைப்படுத்தப்பட்டார். லியோனிலிருந்து ஏறக்குறைய நூறு கிலோமீற்றர் தூரத்தை அவர் தனியாக நடந்தே சென்றார். அன்று அங்கே திருநிலைப்படுத்தப்பட்டவர் அவர் ஒருவரே. ஊரார் வரவேற்போ மாலையோ இல்லை.

அவர் எங்கே உதவிப் பங்குத்தந்தையாக நியமிக்கப்பட்டார் என்று நினைக்கிறீர்கள்? எக்கியூலியில், அருட்தந்தை பால்லேயிடமே. குருவாகிவிட்டார் என்பதால் பாடம் நின்றுவிடவில்லை. இறையியல் வாசிப்பை இருவரும் தொடர்ந்தனர். பாவசங்கீர்த்தனம் கேட்கும் அதிகாரம் புதிய குருவுக்கு உடனே வழங்கப்படவில்லை. அவரது அறிவில் மேலிடத்துக்கு இன்னும் ஐயம் இருந்தது. சில மாதங்களின் பின் அனுமதி கிடைத்தபோது அவரிடம் முதலிற் பாவசங்கீர்த்தனம் செய்ய வந்தவர் அவருடைய ஆசானே. கற்பித்தவர் கற்றவர் முன் முழந்தாட்படியிட்டார். ஒரு மாணவருக்கு ஆசிரியர் கொடுக்கக்கூடிய நற்சான்றிதழ் இதைவிடப் பெரியது உண்டா?

1817 டிசம்பரில் அருட்தந்தை பால்லே தம் மாணவரின் கைகளாலேயே இறுதி அருட்சாதனங்களைப் பெற்று இறைவனடி சேர்ந்தார். இரண்டே மாதங்களில், 1818 பெப்ரவரியில், வியான்னி ஆர்ஸ் என்ற சிற்றூருக்கு அனுப்பப்பட்டார். சுமார் 230 பேர் மட்டுமே வாழ்ந்த, யாரும் விரும்பிப் போகாத இடம் அது. பின்னர் அங்கே பிரான்ஸின் எல்லாத் திசைகளிலிருந்தும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் வந்ததையும், அவர் நாளொன்றுக்குப் பதினாறு மணித்தியாலம் வரை பாவசங்கீர்த்தனம் கேட்டதையும் ஆசான் காணவில்லை. விதைத்தவர் அறுவடையைப் பார்க்கவில்லை. ஆசிரியப் பணியில் இருப்பவர்களே, பிள்ளைகளுக்காகக் கண்விழிக்கும் பெற்றோரே, இது உங்களுக்கும் நேரலாம். அதனால் உங்கள் உழைப்பு வீணாகிவிடுவதில்லை.

கற்றுக்கொண்டதைக் கற்பித்தார்

தாம் பெற்றதை வியான்னி மறக்கவில்லை. ஆர்ஸில் வயல் வேலையிற் காலம் கழித்த பிள்ளைகளுக்கு மறைக்கல்வி தெரியாதிருந்தது. வேலைக்குப் போகுமுன் வரக்கூடிய விதத்தில் அதிகாலையிலேயே அவர்களை ஆலயத்துக்கு அழைத்தார். முதலில் வரும் பிள்ளைக்கு ஒரு புனிதர் படம் கொடுத்தார். பெண்பிள்ளைகளுக்கெனத் தனிப் பாடசாலை இல்லாதிருந்த ஊரில், 1824இல் அவர்களுக்காக இலவசப் பாடசாலை ஒன்றைத் தொடங்கி அதற்கு ‘இறைபராமரிப்பு இல்லம்’ என்று பெயரிட்டார். அதற்கென வெளியிலிருந்து பட்டம் பெற்றவர்களைத் தேடவில்லை. ஊரைச் சேர்ந்த இரண்டு இளம்பெண்களை அயலூர்க் கன்னியரிடம் அனுப்பிப் பயிற்றுவித்து ஆசிரியைகளாக்கினார். பின்னர் அநாதைப் பிள்ளைகளும் அங்கே அடைக்கலம் பெற்றனர்.

அப்பிள்ளைகளுக்கு அவர் நாள்தோறும் மறைக்கல்வி சொன்னார். வயல், பறவை, திராட்சைத் தோட்டம், அடுப்பில் எரியும் விறகு என அவர்கள் அறிந்தவற்றைக் கொண்டே விளக்கினார். விளங்காத மொழியில் பாடம் கேட்பதன் வேதனையை அறிந்தவர் அல்லவா அவர்! பிள்ளைகளுக்கெனச் சொன்ன அந்த எளிய பாடத்தைக் கேட்கப் பெரியோரும், பின்னர் கற்றறிந்தோரும் வந்து நெருங்கினர். அயற்பங்குக் குருக்கள் சிலர் அவரைப் படிப்பில்லாதவர் என்று ஆயரிடம் முறையிட்டபோது, அவர் சினம் கொள்ளவில்லை. அந்த முறைப்பாட்டில் தாமும் கையொப்பமிட்டார் என்று அவரது வரலாற்றை எழுதியோர் கூறுவர். ஆயர் தெவீயோ அவரது ஞானத்தின்மேல் முழு நம்பிக்கை கொண்டிருந்தார்.

1859 ஆகஸ்ட் 4ஆம் திகதி அதிகாலையில் அவர் இறைவனில் துயில் கொண்டார். 1925இல் திருத்தந்தை பதினோராம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். 1929இல் பங்குத்தந்தையர் அனைவரினதும் பாதுகாவலராக்கினார். அவர் இறந்து 150 ஆண்டுகள் நிறைவுற்றபோது, திருத்தந்தை பதினாறாம் பெனடிக்ற் 2009இல் குருக்களின் ஆண்டைத் தொடக்கிவைத்தார். உலகின் குருமடங்களிலெல்லாம் அவரது படம் தொங்குகின்றது. குருமடத்தில் பயின்ற எங்களுள் பரீட்சைக்கு அஞ்சிய எத்தனையோ பேர் அப்படத்தின் முன் நின்று செபித்திருக்கின்றோம்.

நமக்குரிய பாடம்

இந்த வரலாற்றைக் கேட்டு, தோற்கும் பிள்ளைகள் எல்லோரும் ஒருநாள் பெரும் புகழ் பெறுவர் என்று நான் சொல்ல வரவில்லை. வியான்னி கடைசிவரை இலத்தீன் புலவராகவில்லை. அருட்தந்தை பால்லேயும் அதை எதிர்பார்க்கவில்லை. இறைவன் இம்மனிதரை எதற்காகப் படைத்தாரோ அதற்கு அவரை அணியமாக்க வேண்டும் என்பதே அவரது நோக்கமாக இருந்தது. மற்றப் பிள்ளையைப் போல் ஆக்க அவர் முயலவில்லை.

அன்பார்ந்த பெற்றோரே, ஆசிரியர்களே, உங்கள் பிள்ளை பின்தங்கும்போது முதலில் காரணத்தைத் தேடுங்கள். தவறவிட்ட வகுப்புக்களா? விளங்காத மொழியா? பரீட்சை மண்டபத்தில் வரும் அச்சமா? வகுப்பில் யாரேனும் நகைக்கின்றார்களா? கண்ணோ காதோ சரியாக இல்லையா? வீட்டில் நடக்கும் சண்டையா? இவை ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. எல்லாவற்றுக்கும் பிரம்பும் இன்னொரு தனியார் வகுப்பும் மருந்தாகா. காரணம் தெரிந்தபின் வழியை மாற்றுங்கள். தரத்தைத் தாழ்த்த வேண்டாம். இரக்கம் என்ற பெயரில் எதையும் கேட்காமல் விட்டுவிடுவதும் ஒருவகைக் கைவிடுதலே. அருட்தந்தை பால்லே தினமும் பாடம் கேட்டார். மாணவரும் தினமும் உழைத்தார்.

தேவையான வேளையில் பிள்ளைக்காக எழுந்து போங்கள். அதிபரைச் சந்தியுங்கள், வகுப்பாசிரியரிடம் பணிவோடு பேசுங்கள். தன் சார்பாகப் பேச ஒருவர் இருக்கிறார் என்று அறியும் பிள்ளை நிமிர்ந்து நிற்கும். தோல்வியின் வலியில் பிள்ளை எடுக்கும் அவசர முடிவை அன்றே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதனுடன் இருந்து, சற்றுக் காத்திருந்து பாருங்கள். அயலவர் முன் அப்பிள்ளையை வேறொரு பிள்ளையோடு ஒப்பிட்டுப் பேசாதீர்கள்.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிப்போன நல்லாயனை நாம் அறிவோம். அவ்வாயனின் வழியில் நடந்த ஒரு பங்குத்தந்தை தேடிக் கொண்டுவந்த மாணவர், பின்னர் எண்ணற்ற ஆன்மாக்களைத் தேடிக் கொண்டுவந்தார். இந்த வாரம் உங்கள் இல்லத்தில் குடும்பச் செபமாலை சொல்லும்போது, படிப்பில் சோர்ந்துபோன பிள்ளை ஒன்றின் பெயரைச் சொல்லிச் செபியுங்கள். செபம் முடிந்ததும் அப்பிள்ளையின் அருகில் சென்று அமருங்கள்.

புனித ஜோன் மரிய வியான்னியே, எங்கள் பிள்ளைகளுக்காகவும் அவர்களுக்குக் கற்பிப்போருக்காகவும் வேண்டிக்கொள்ளும். ஆமென்.